கண்ணாடிக் குழாயில் எழுதிய ஊர்

லாஸ் வேகாஸில் நியான் பலகை பழுதுபார்ப்பவனுக்கு வேலை இரவில்தான். குழாய் செத்திருக்கிறதா, துடிக்கிறதா, ஓர் எழுத்தின் கால் மட்டும் அணைந்திருக்கிறதா என்பதெல்லாம் எரியும்போதுதான் தெரியும். ஊர் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரிப் என்ற விடுதிச் சாலையின் தெற்கு முனையிலிருந்து ஃப்ரீமாண்ட் தெருவரைக்கும் மெதுவாகப் போவோம். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் குறித்துக்கொள்வார். சஹாரா, கிழக்கு முகம், இரண்டாவது ஏ, மேல் கோடு. ஸ்டார்டஸ்ட், அடிப்பகுதியில் பல்பு வரிசை. ரிவியரா, ஒன்றுமில்லை. விடியுமுன் ஏணி வண்டி வரும். பகல் வெயிலில் பலகையின் இரும்புக் கூட்டுக்குள் மனிதன் நிற்க முடியாது.

இப்படிப் பல வருடம் இந்த ஊரை எழுத்தெழுத்தாக வாசித்தவன் நான். அந்த எழுத்துகளில் முக்கால்வாசி இன்று இல்லை. அவை நின்ற இடங்களில் என்ன இருந்தது, யார் சாப்பிட்டார்கள், எது எப்போது போனது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசை வெகு நாளாக உண்டு. கட்டட வரலாறு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பலகைக்காரன் பார்த்தது வேறு.

இந்த ஊரில் பலகைதான் முதலில், கட்டடம் பிறகு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாலைவனத்தைத் தாண்டிக் காரில் வருகிறவன் கண்ணில் படவேண்டியது பெயர். விடுதி சாலையிலிருந்து தள்ளி, பெரிய கார் நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு மூன்று மாடியோடு பதுங்கியிருக்கும். சாலையோரத்தில் நூறு, நூற்றைம்பது அடிக்குப் பலகை எழும்பி நிற்கும். 1972இல் ராபர்ட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் என்ற மூவர் இதைப் பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் படிப்பது. எங்கள் பட்டறையில் யாரும் அதைப் படித்ததில்லை, ஆனால் அதில் உள்ளது எல்லோருக்கும் தெரியும்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் சில மாதம் கண்ணாடியைச் சூடாக்கி வளைத்து உடைக்க மட்டும்தான் விட்டார். நான்கு அடிக் குழாய். ஒரு முனையில் தக்கை; மறுமுனையில் மெல்லிய ரப்பர் குழல், அதன் நுனி நம் வாயில். பர்னர் நெருப்பில் குழாயை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி இளகித் தொய்கிற கணத்தில் எடுத்து, மேசையில் விரித்த வரைபடத்தின்மேல் வைத்து வளைக்க வேண்டும். வளைவில் குழாயின் வயிறு ஒட்டப் பார்க்கும். அந்த நொடியில் ஊதி மறுபடி உருண்டையாக்க வேண்டும். மூச்சு கூடினால் புடைக்கும், குறைந்தால் சப்பையாகும். நாதஸ்வரக்காரர் சீவாளியில் காட்டுகிற அடக்கம் இதற்கு வேண்டும். வரைபடம் இடவலம் மாறித்தான் இருக்கும். எழுத்தின் முகம் மேசையைப் பார்த்துக் கிடக்க, மடிப்புகள் முதுகுப்பக்கம் எழும். ஆகவே இடவலம் மாற்றி எழுதப் பழகிய கை எங்களுடையது.

வளைத்தபின் இரு முனையிலும் எலக்ட்ரோடை ஒட்டி, பம்பில் பூட்டிக் காற்றை உறிஞ்சி, பல ஆயிரம் வோல்ட் ஏற்றிக் குழாயைக் காய்ச்சுவோம். கண்ணாடிமேல் வைத்த காகிதத் துண்டு கருகத் தொடங்கினால் உள்ளே ஒட்டியிருந்த ஈரமும் அழுக்கும் கழன்றுவிட்டன என்று கணக்கு. ஆறவிட்டு வாயுவை நிரப்பி மூடுவோம். நியான் சிவப்பு தரும். ஆர்கானோடு ஒரு துளிப் பாதரசம் சேர்த்தால் நீலம். மற்ற நிறமெல்லாம் குழாயின் உட்சுவரில் பூசிய பொடியாலும் நிறக் கண்ணாடியாலும் வருபவை. ஒழுங்காகச் செய்த குழாய், காற்றும் புறாவும் விட்டுவைத்தால், முப்பது நாற்பது வருடம் எரியும்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய பலகைகள் பலவும் விடுதிக்குச் சொந்தமில்லை. பலகைக் கம்பெனியே செய்து நிறுத்தி, வாடகைக்கு விட்டு, பழுதையும் அதுவே பார்க்கும். ஊரின் தெற்கு வாசலில் 1959 முதல் நிற்கும் வரவேற்புப் பலகைகூட யங் எலக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தம். அதை வரைந்த பெட்டி வில்லிஸ் காப்புரிமையே வாங்கவில்லை. அதனால்தான் இன்று சாவிக்கொத்திலிருந்து பனியன்வரை அதன் படம். வருடக்கணக்கில் ஒப்பந்தம், கையால் வளைத்த கண்ணாடி, ஏணி வண்டி, ஆட்கள் என்று ஒரு பெயருக்குப் பின்னால் இத்தனை இருந்ததால், பெயரைச் சும்மா மாற்றிவிட முடியாது. வைத்த பெயர் நின்றது. அந்தப் பெயரை நம்பி ஜனங்கள் வழி சொன்னார்கள், இடம் குறித்தார்கள், பத்து வருடம் கழித்து வந்தும் அதே வாசலில் நின்றார்கள்.

நான் பார்த்த முதல் பெரிய இழப்பில் வெடிமருந்தே இல்லை. 1984இல் ஃப்ரீமாண்ட் தெருவில் கோல்டன் நக்கெட்டின் முகப்பைக் கழற்றினார்கள். மூலைக் கட்டடத்தை முழுக்கப் போர்த்திய பொன்னிற நியான். அதன் முதலாளி ஸ்டீவ் வின். அவருக்கு வெள்ளைக் கல்லும் அமைதியான மஞ்சள் வெளிச்சமும் வேண்டியிருந்தன. தெருவே பகல்போல இருந்ததற்கு அந்த மூலைதான் காரணம். கழற்றியபின் எதிர்ச்சாரிக் கேசினோக்களின் விளக்குகள் திடீரென்று தனியாகத் தெரிந்தன. பணக்கார விருந்தாளிக்கு வெளிச்சம் ஆகாது என்ற எண்ணம் இந்த ஊரில் அப்போதுதான் காலூன்றியது என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வெடிகள். 1993 அக்டோபர் 27 இரவு டூன்ஸ் விழுந்தது. 1955இல் திறந்த விடுதி. 1964இல் நட்ட அதன் பலகை 180 அடி, வெங்காயக் கும்மட்ட வடிவம், உள்ளே எரிமலைக் குழம்புபோல வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறும். புதிதாகத் திறந்த டிரெஷர் ஐலண்டின் கப்பல் பீரங்கி முழங்க, அதையே சைகையாக வைத்துத் தகர்த்தார்கள். பலகையும் வேடிக்கையின் பகுதியாக நெருப்பில் போனது. லட்சக்கணக்கானோர் கைதட்டினார்கள். பலகையை முதலில் இறக்கி வைத்திருக்கலாம். கிரேன் இருந்தது, செய்யத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த இடத்தில் 1998இல் பெல்லாஜியோ வந்தது, ஏரியோடும் நீரூற்றோடும்.

1995 நவம்பரில் லேண்ட்மார்க் கோபுரம். தட்டை ஏந்திய தண்டு மாதிரி நின்ற 31 மாடி. விழுந்த காட்சியை ஒரு செவ்வாய்க் கிரகப் படத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள்; அந்த மனையில் கார்கள் நின்றன. 1996 நவம்பரில் சாண்ட்ஸ். இன்று அங்கே வெனீஷியன். அதே வருடக் கடைசி இரவில் ஹசியெண்டா. தொலைக்காட்சியில் புத்தாண்டு நிகழ்ச்சியாகவே காட்டினார்கள். ஹசியெண்டாவின் நியான் குதிரைவீரனை மட்டும் முன்கூட்டியே இறக்கியிருந்தார்கள். புதிதாக உருவாகியிருந்த நியான் அருங்காட்சியகம் செப்பனிட்டு நிறுத்திய முதல் பலகை அதுதான். ஃப்ரீமாண்ட் தெருச் சந்திப்பில் நவம்பர் நடுவில் குதிரை எரியத் தொடங்கியது. ஆறு வாரம் கழித்து, மைல்கள் தள்ளி, அது காத்துநின்ற விடுதி மண்ணானது.

எனக்கு மிகவும் வேண்டியது ஸ்டார்டஸ்ட். 1958இல் திறந்தபோது அதன் முகப்பே 216 அடி நீளப் பலகை: கோள்கள், வால்நட்சத்திரங்கள், நடுவில் பூமி. நான் வருவதற்கு முன்பே அது போய்விட்டது. நான் ஏறியது 1960களில் சாலையோரம் எழுந்த 188 அடிப் பலகையில். உச்சியில் நட்சத்திரத் தூசு கொட்டுகிற மாதிரி பல்புகள் சிதறி எரியும். அந்தச் சிதறலை உண்டாக்கியது உள்ளே சுழலும் தண்டு. தண்டில் பற்கள், பற்கள் தொட்டுவிடும் செம்புத் தகடுகள். கூட்டுக்குள் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரத்துக்கு நடுவே அந்தத் தகடுகள் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் சத்தம் தனியாகக் கேட்கும். சாலையில் போகிறவர் வானத்தில் பார்த்தது எங்களுக்குக் காதில் விழுந்தது. 1991இல் அதன் முறுக்கிய, முள்முள்ளான எழுத்துகளை எடுத்துவிட்டு நேரான, வெற்று எழுத்துகளை மாட்டினார்கள். பழைய எழுத்தில் ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு கோணம். அதை வரைந்தவர் கை தெரியும். புதியதில் எந்த வங்கியின் பெயரையும் எழுதலாம். விடுதி 2006 நவம்பர் முதல் தேதி மூடியது, 2007 மார்ச்சில் விழுந்தது. எழுத்துகள் அருங்காட்சியக முற்றத்தில் கிடக்கின்றன.

இரவு வேலை என்றால் இரவுச் சாப்பாடு. இதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைச் சொன்னதாகாது.

நான் வந்த காலத்தில் ஒவ்வொரு கேசினோவிலும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் காபி ஷாப் உண்டு. நடுநிசிக்குமேல் அதற்கென்று தனி விலை: ஸ்டேக்கும் முட்டையும் இரண்டு மூன்று டாலர். பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவின் இரண்டு டாலர் ஸ்டேக்கை ஊரறியும். கோல்டன் கேட்டில் இறால் காக்டெயில், 1959இல் 50 சென்ட். 1991இல்தான் 99 சென்ட் ஆக்கினார்கள். மேசைமேல் உப்பு, மிளகுக் குப்பிகளோடு கீனோ சீட்டுக் கட்டும் கறுப்பு மெழுகுக் குச்சியும் இருக்கும். சீட்டில் எண்களைக் கிறுக்கினால் ஒரு பெண் வந்து வாங்கிப் போவார்; சுவரில் எண்கள் எரிய எரிய இட்லிக்குக் காத்திருப்பதுபோல முட்டைக்குக் காத்திருக்கலாம். பக்கத்து மேசையில் மேலங்கியைக் கழற்றிய சீட்டு டீலர், அடுத்ததில் அறை கூட்டும் பெண்கள், அதற்கடுத்து மினுமினுப்பு முகத்தோடு நடனக்காரி, ஒரு மூலையில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டுக் காபியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர். எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே விலை.

இந்த விலைகளைப் பலகையில் ஏற்றியதும் நாங்கள்தான். பெரிய பலகையின் இடுப்பில் வெள்ளைப் பட்டையும், அதில் செருகும் எழுத்துகளும் இருக்கும். மேலே பாடகர் பெயர், கீழே பிரைம் ரிப் விலை. பாடகர் பெயரின் உயரத்தை அவர் ஒப்பந்தமே நிர்ணயிக்கும். சாப்பாட்டு விலைக்கு ஒப்பந்தம் கிடையாது, ஆனால் சாலையில் வேகத்தைக் குறைத்தவர்கள் பலரும் வாசித்தது அந்த வரியைத்தான்.

விலை மலிவாக இருந்ததன் காரணம் எளிது. சமையலறை நஷ்டத்தில் ஓடும். சூதாட்ட மேசை அதை ஈடுகட்டும். சாப்பிட வந்தவன் போகிற வழியில் நாலு காசு போட்டால் போதும். 1941இல் ஸ்ட்ரிப்பின் முதல் விடுதியாகத் திறந்த எல் ராஞ்சோ வேகாஸ் அந்தப் பத்தாண்டிலேயே ஒரு டாலருக்கு வேண்டுமட்டும் சாப்பிடும் பஃபேயைக் கொண்டுவந்தது. காற்றாலைப் பலகையோடு நின்ற அந்த விடுதி 1960இல் எரிந்தே போனது, பஃபே மட்டும் ஊரெல்லாம் பரவியது. தூண்டிலில் கோத்த இரை அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இரவெல்லாம் உழைத்தவர்கள் கௌரவமாக உட்கார்ந்து சாப்பிட அது இடம் தந்தது, அதை நான் சாப்பிட்டிருக்கிறேன், அதனால் அதன் பக்கம்தான் பேசுவேன்.

பெரிய உணவகங்களும் இருந்தன. டூன்ஸில் கடலடி உலகம்போல அமைத்த டோம் ஆஃப் தி ஸீ. நீரில் மிதக்கும் படகில் உட்கார்ந்து ஒரு பெண் ஹார்ப் வாசிப்பார். ஸ்டார்டஸ்ட்டில் அகு அகு என்ற பாலினீசிய உணவகம் 1960 முதல் 1980வரை நடந்தது. அதன் வாசலில் நின்ற பெரிய கல்முகம் இன்று சன்செட் பார்க் குளத்து நடுவே இருக்கிறது. ஹில்டனுக்கு எதிரே ஆல்பைன் வில்லேஜ் இன் என்ற ஜெர்மானியச் சாப்பாட்டுக் கடை, கீழ்த்தளத்தில் பியானோவோடு. கிழக்கே ஃப்ரீமாண்ட் தெரு நெடுஞ்சாலையாக மாறுகிற பக்கம் கிரீன் ஷாக்: பச்சை வண்ணம் பூசிய பலகை வீடு, பொரித்த கோழி. ஹூவர் அணை கட்டிய தொழிலாளர் காலத்திலிருந்து 1999வரை நடந்த கடை. ஊரிலேயே பழையது என்று பெயர். அதன் பலகையும் அருங்காட்சியக முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

1992 டிசம்பரில் சமையல்காரர் வொல்ஃப்காங் பக், சீஸர்ஸ் விடுதியை ஒட்டிய கடைவீதியில் ஸ்பாகோ உணவகத்தைத் திறந்தார். சாப்பாட்டிலேயே லாபம் பார்க்கலாம் என்று விடுதிகளுக்கு அது காட்டியது. பேர்பெற்ற சமையல்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1990களின் இறுதியில் ஸ்ட்ரிப் விடுதிகளில் சூதாட்டத்துக்கு வெளியே வரும் வருமானம் பாதியைத் தாண்டிவிட்டது. அறை, சாப்பாடு, காட்சி, கடை ஒவ்வொன்றும் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்றான பிறகு இரண்டு டாலர் ஸ்டேக்குக்கு இடமில்லை. நல்ல சாப்பாடு வந்தது, அதில் சந்தேகமில்லை. அறை கூட்டும் பெண் வேலை முடிந்து உட்காரும் மேசை போனது. மிச்சமிருந்த பஃபேக்களையும் இரவு காபி ஷாப்புகளையும் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரையே மூடியபோது மூடினார்கள். ஜூனில் கேசினோக்கள் திறந்தன. பல சமையலறைகள் திறக்கவில்லை. 1972இல் தொடங்கிய பெப்பர்மில் இன்னும் இரவெல்லாம் எரிகிறது. அங்கே போகிறவர்கள் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இடங்களைப் பற்றி உருகும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பலகைகள் எல்லோரையும் அழைக்கவில்லை. 1950களில் ஸ்ட்ரிப்பில் கறுப்பினப் பாடகர் மேடையேறலாம், அந்த விடுதியில் தூங்க முடியாது. மேற்குப் பக்கக் குடியிருப்புக்குத்தான் போக வேண்டும். 1955 மே மாதம் அந்தப் பக்கத்தில் மூலான் ரூஜ் திறந்தது: எல்லா நிறத்தவரும் ஒன்றாக உட்கார்ந்த முதல் பெரிய கேசினோ விடுதி. அதே வருடம் மூடிவிட்டது. 1960இல், விடுதிகளின் கதவு எல்லோருக்கும் திறக்கும் என்ற உடன்பாடு அந்தக் கட்டடத்தில்தான் எட்டப்பட்டது. கட்டடம் பின்னால் தீயில் போனது. அதன் பலகை எழுத்துகளை வரைந்தவரும் பெட்டி வில்லிஸ்தான். கையெழுத்துபோல ஓடும் ஒரே இழை. எங்கே குழாய் முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். இந்த ஊரில் வளைத்த கண்ணாடியில் அதைவிட அழகானதை நான் பார்க்கவில்லை. 1990இல் கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் இறந்தபோது ஸ்ட்ரிப்பின் விளக்குகளை அஞ்சலியாக அணைத்தார்கள். ஒரு காலத்தில் தன்னைத் தங்கவிடாத தெரு அவருக்காக இருட்டானது. எரியவைப்பதே பிழைப்பாகக் கொண்ட நாங்கள் அன்று இருட்டில் நின்றோம், அது சரியாக இருந்தது.

ஃப்ரண்டியர் விடுதியின் வாசலையும் சொல்ல வேண்டும். 1991 செப்டம்பரில் சமையல், பரிமாறல் தொழிலாளர் சுமார் 550 பேர் வேலைநிறுத்தம் செய்து மறியலில் நின்றார்கள். இரவு பகலாக ஆறு வருடத்துக்குமேல். ஒருவர்கூட வரிசையைத் தாண்டி உள்ளே போகவில்லை. 1998இல் புது முதலாளி வந்து ஒப்பந்தம் போட்டார். நள்ளிரவில் எந்தப் பலகை அணைந்திருந்தாலும் அந்த வாசலில் ஆட்கள் இருப்பார்கள். எனக்கு அந்த வருடங்களில் ஸ்ட்ரிப்பின் அடையாளம் அவர்கள்தான். விடுதி 2007இல் தகர்க்கப்பட்டது.

ஸ்டார்டஸ்ட் நின்ற மனையில் 2021இல் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் திறந்தது. அதன் ஒரு சுவர் முழுக்க எல்.இ.டி. திரை, 1,00,000 சதுர அடி. பழைய சாண்ட்ஸ் நிலத்துக்குப் பின்னால் ஸ்ஃபியர்: 366 அடி உயர உருண்டை, வெளிப்புறம் முழுவதும் திரை. பொறியியலாகப் பார்த்தால் அபாரம். அதை இயக்கும் பிள்ளைகளின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் திரையில் இன்று ஒரு கண், நாளை ஒரு கூடைப்பந்து, மறுநாள் ஒரு விளம்பரம். எதையும் ஒரு நொடியில் எழுதி ஒரு நொடியில் அழிக்கலாம் என்றால் எழுதியதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இம்பீரியல் பேலஸ் என்று இருந்தது குவாட் ஆனது, இரண்டே வருடத்தில் லிங்க் ஆனது. அலாடின் பிளானட் ஹாலிவுட் ஆனது. சஹாரா எஸ்.எல்.எஸ். ஆகி, அந்தப் பெயர் ஒட்டாமல், 2019இல் மறுபடி சஹாராவானது. நான் சந்தோஷப்பட்ட பெயர் மாற்றம் அது ஒன்றுதான்.

அருங்காட்சியகம் நல்ல காரியம் செய்கிறது. ரிவியரா பக்கத்தில் இருந்த லா கொஞ்சா மோட்டலின் சிப்பி வடிவ முகப்பு, பால் ரெவெர் வில்லியம்ஸ் வடிவமைத்தது, அதைத் துண்டுகளாக அறுத்துக் கொண்டுவந்து வாசலாக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அதுவும் குப்பைக்குப் போயிருக்கும். முற்றத்தில் பல பலகைகள் எரியாமல்தான் இருக்கின்றன. சிலவற்றின்மேல் ஒளிப்படம் பாய்ச்சி எரிவதுபோலக் காட்டுகிறார்கள். மூலான் ரூஜை 2020இல் உண்மையாகவே எரியவைத்தார்கள், அதைப் பார்க்கப் போய் வெகுநேரம் நின்றேன். என் கட்சி இதுதான்: பலகை எரிய வேண்டும், முடிந்தால் தன் இடத்தில். டூன்ஸ் என்ற பெயர் பெல்லாஜியோ ஏரிக்கரையில் ஒரு சிறு குழாயில் எரிந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

இப்போது அடுத்த மனை தயாராகிக்கொண்டிருக்கிறது. 1957இல் திறந்த டிராபிகானா 2024 ஏப்ரலில் மூடி அக்டோபரில் விழுந்தது. பேஸ்பால் அரங்கம் வருகிறது, 33,000 பேர் உட்கார. அந்தச் சந்திப்பைக் கடக்கும் ஜனங்கள் இன்னும் டிராபிகானா மூலை என்றுதான் சொல்கிறார்கள், சாலையின் பெயரும் அதுதான். அரங்கத்தின் ஏதோ ஒரு வாசலில் அந்தப் பெயரைக் கண்ணாடியில் எழுதச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. ஆளுயரம் போதும், சிவப்பு, இரட்டை இழை. வளைக்கத் தெரிந்த ஒரு கை ஒரு வாரத்தில் செய்துவிடும். பழகும் பிள்ளைகள் இருவர் கூடவே நின்று கற்றுக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மரை வாசலுக்குமேல் நிழல் விழும் பக்கமாக வைக்க வேண்டும், புறா புகாதபடி வலை அடிக்க வேண்டும்.